யார் கொன்றார் என்னும் வினா: நான்கு வகை நாவல்கள் குறித்த ஒரு வாசக மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

வரலாற்று நாவல், துப்பறியும் நாவல், நடப்பியல் நாவல் என்னும் வகைப்பெயர்கள் தமிழில் பெரும்பாலும் தரப்பெயர்களாகவே வழங்கிவருகின்றன. ஒரு நாவல் எவ்வகையைச் சார்ந்தது என்று தெரிந்தவுடனேயே அதன் தகுதியும் முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’, சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’, பூமணியின் ‘வெக்கை’, இமையத்தின் ‘செல்லாத பணம்’ ஆகிய நான்கையும் அடுத்தடுத்து வாசிக்கும் ஒருவர், அவ்வகைப்பெயர்களை ஒதுக்கிவைத்து எவ்வாறு மதிப்பிடலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நான்கையும் இயக்குவது இயற்கையல்லாத ஓர் இறப்பே. அவ்விறப்பைக் குறித்து வாசகருக்குச் சொல்லப்படுவதும் மறைக்கப்படுவதும் மதிப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: நாவல் வகைமை, வாசக மதிப்பீடு, கொலை, சான்று, கல்கி, சுஜாதா, பூமணி, இமையம்

முன்னுரை

ஒருவர் தாம் படித்த நாவல்களைப் பற்றித் தமக்குத் தோன்றியதைக் கூறுவது திறனாய்வாகுமா என்னும் ஐயம் தமிழில் பழையது. க.நா. சுப்ரமண்யம் வாசக அனுபவத்தையே அளவுகோலாகக் கொண்டார். பட்டியலிடுவதும், ஏற்பதும் விலக்குவதும் அவர்தம் முறையாக இருந்தன. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ‘தமிழ் நாவல் இலக்கியம்’ அதற்கு எதிர்நிலையில் நின்று, நாவலைச் சமூக வரலாற்றின் விளைபொருளாகக் கண்டது. இவ்விரு வழிகளுக்கும் இடையிலான வழக்கு இன்றளவும் முற்றுப்பெறவில்லை. ஆயினும் ஒரு செய்தியில் இரு தரப்பினரும் ஒன்றுபட்டே இருந்தனர். வார இதழ்த் தொடர்கதையை இருவருமே ஐயத்துடன் நோக்கினர். ஒரு தரப்புக்கு அது சுவைக்கேடு. மறுதரப்புக்கு அது வணிகம்.

இவ்வொற்றுமையின் விளைவு நோக்கத்தக்கது. துப்பறியும் நாவலோ வரலாற்று நாவலோ நெருங்கிய வாசிப்புக்குத் தமிழில் அரிதாகவே ஆட்பட்டன. அவற்றை விரும்பியோர் விருப்பத்தைச் சொன்னார்கள். விரும்பாதோர் பெயரைக்கூடச் சொல்லாமல் கடந்தார்கள். அதே வேளையில் ‘தீவிர’ நாவல் என்று ஏற்கப்பட்டவை, அத்தகுதி ஒன்றாலேயே, ‘இக்கதை வாசகருக்குத் தரவேண்டியதைத் தந்ததா’ என்னும் எளிய கேள்வியிலிருந்து விலக்குப் பெற்றன. வகைப்பெயர் ஒரு தரப்புக்குத் தண்டனையாகவும் மறுதரப்புக்குச் சலுகையாகவும் அமைந்தது. தனி வாசகரின் கருத்து பயன்படக்கூடிய இடம் இதுவே. அவர் நான்கு நாவல்களையும் ஒரே மேசையில், ஒரே பொழுதில் படிக்கிறார். நூலகத்தின் அடுக்கு வரிசை அவரைக் கட்டுப்படுத்துவதில்லை. அவ்வாறு படிக்கையில் எழும் விருப்பு வெறுப்புகளுக்குக் காரணம் காட்ட இயலுமாயின் அவை திறனாய்வுக்குரிய சான்றுகளே ஆகும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நாவல்கள் நான்கிலும் ஒருவர் சாகிறார். அல்லது சாவின் வாயிலில் கிடக்கிறார். ‘யார் செய்தது’ என்னும் வினா துப்பறியும் கதைக்கே உரியது என்று கருதுவது பிழை. குற்றமும் சான்றும் தமிழ்க் கதைமரபுக்குப் புதியவை அல்ல. சிலப்பதிகாரத்து வழக்குரை காதை ஓர் இறந்தவனின் வழக்கைச் சான்றால் மீட்டெடுக்கும் காட்சி. சிலம்பினுள் இருந்தது முத்தா, மாணிக்கமா என்பதைக் கொண்டு அங்கே உண்மை நிறுவப்படுகிறது. பாண்டியனின் குற்றம் கொடுமையன்று, ஆராயாமையே. கொலை நிகழ்ந்த கதையில் ஆராய்ச்சி யாருடைய கடமை, அது தவறினால் யார் பொறுப்பு என்னும் கேள்வி அங்கிருந்தே தொடர்ந்து வருகிறது.

விளக்கணைந்த அறை: பொன்னியின் செல்வன்

‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்து ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்ற இந்நாவலின் உச்சம், கடம்பூர் மாளிகையில் நிகழும் ஆதித்த கரிகாலனின் மரணம். நந்தினி, மணிமேகலை, மறைந்திருக்கும் வந்தியத்தேவன், மாறுவேடத்தில் வரும் பெரிய பழுவேட்டரையர், வெளியே காத்திருக்கும் ரவிதாசன் கூட்டத்தார் என்று கொல்லக்கூடியோர் அனைவரையும் கல்கி ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறார். பின்னர் விளக்கை அணைத்துவிடுகிறார். இருளில் இளவரசன் வீழ்கிறான். மாளிகை எரிகிறது. அதன்பின் பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. மணிமேகலை அதைத் தன்மேல் இழுத்துக்கொள்ள முயல்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் தாமே காரணம் என்கிறார். சாவை விரும்பி எதிர்கொண்டவன்போல் கரிகாலன் நடந்துகொண்டதும் வாசகர் மனத்தில் நிற்கிறது. ஆக, சந்தேகத்துக்குரியோர் மிகுதி. ஒப்புதல் கூறுவோரும் மிகுதி. விடை மட்டும் இல்லை.

இவ்விடையின்மைக்கு வரலாறு ஒரு காரணம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. கரிகாலனைக் கொன்று துரோகிகளானோர் என்று சோமன், அவன் தம்பி பஞ்சவன் பிரமாதிராசன் எனப்பட்ட ரவிதாசன், அவன் தம்பி இருமுடிச்சோழப் பிரமாதிராசன் எனப்பட்ட பரமேசுவரன் ஆகியோரை அது குறிக்கிறது. அவர்தம் உறவினரின் நிலங்கள் பறிமுதலான செய்தியை உரைக்கிறது. கொலையின் நோக்கத்தையோ பின்னணியையோ அது கூறவில்லை. அடிப்படையில் அது ஒரு நில ஆவணம். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழனுக்கு இக்கொலையில் தொடர்பு இருந்திருக்கலாம் என ஐயுற்றார். தி.வை. சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். கல்கி இவ்விருவரின் நூல்களையும் அறிந்தே எழுதினார்.

நாவல் வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வந்தியத்தேவனின் குதிரைப் பயணத்துடன் தொடங்குவது யாவரும் அறிந்தது. உடையார்குடிக் கல்வெட்டு அவ்வேரியை ஒட்டிய ஊரிலேயே உள்ளது என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. கொலைக்கான ஒரே நேர்ச் சான்று பொறிக்கப்பட்ட இடத்துக்கு அருகிலேயே கதை புறப்படுகிறது. இது திட்டமிட்டதோ தற்செயலோ, மீண்டும் படிக்கும் வாசகருக்கு அத்தொடக்கத்தின் மகிழ்ச்சியின்மேல் ஒரு நிழல் படிந்துவிடுகிறது.

கல்கியின் உண்மையான தீர்ப்பு விளக்கணைந்த அறையில் இல்லை. மகுடம் சூட்டும் இடத்தில் இருக்கிறது. வரலாற்றில் ஐயத்துக்குள்ளானவன் உத்தம சோழன். நாவலோ அவனை இரண்டாகப் பிளக்கிறது. அரியணைமேல் ஆசை கொண்ட மதுராந்தகன் உண்மையில் செம்பியன் மாதேவியின் மகனே அல்லன் என்று காட்டி, அவனைப் பாண்டிய வாரிசாக ஒதுக்கிவிடுகிறது. பூத்தொடுத்துத் தேவாரம் பாடும் சேந்தன் அமுதனே உண்மை மகன் எனக் கண்டு, அவனுக்கே அருள்மொழிவர்மன் மகுடத்தை விட்டுக்கொடுக்கிறான். கொலையால் பயன்பெற்றவன் என்று வரலாற்றாசிரியர் ஒருவர் சுட்டிய அரசன், நாவலில் கொலையைக் கனவிலும் கருதாத சிவபக்தனாகிவிடுகிறான். ‘யார் கொன்றார்’ என்பதைத் திறந்துவிட்ட கல்கி, ‘யார் கொல்லவில்லை’ என்பதில் உறுதியாக இருக்கிறார். சோழ அரசின் பட்டங்களைத் தாங்கியோர் என்று கல்வெட்டு காட்டும் ரவிதாசனும் பரமேசுவரனும் நாவலில் மந்திரவாதியாகவும் தேவராளனாகவும் காட்டிலும் பாழ்மண்டபத்திலும் திரிவதும் இவ்வழிப்பட்டதே. குற்றம் அரண்மனைக்கு வெளியே தள்ளப்படுகிறது.

இதனைக் கலைக்குறை என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட இயலாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத நேர்மை இதில் உண்டு. வார இதழ் வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஒரு விடையைத் தராமலே முடிப்பதற்கு எழுத்தாளருக்குத் துணிவும் வேண்டும். ஆனால் அரச குலத்தைக் காப்பாற்றுவதற்கு மட்டும் அந்த இருள் அமையாமல் போகிறது. நந்தினியின் நெஞ்சில் எரியும் பழிக்கு நியாயம் உண்டு. வீரபாண்டியனின் தலை கொய்யப்பட்டது அவள் கண்முன்னே நிகழ்ந்தது. மீன் சின்னம் பொறித்த வாளை அவள் வழிபடும் காட்சிகளில் நாவல் அடையும் உயரம் தியாகம் பேசும் இறுதிப் பகுதியில் இல்லை. கதையை நடத்திய பெண், இறுதிப் பாகத்தின் முடிவுக்குள் ஏறத்தாழ மறைந்துபோகிறாள். இறந்தவனுக்காக அழுவோர் பலர் உளர். அவன் கொன்றவனுக்காக அழுதவள் ஒருத்தியே. அவளைக் கல்கி பாதியில் விட்டுவிட்டார் என்பதே இந்நாவலின்மேல் வாசகர் வைக்கத்தக்க முதன்மைக் குறை. நீளம், தற்செயல்கள், ஒட்டுக்கேட்டல் ஆகியன பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறைகள் இதற்கு முன் சிறியவை.

அறிவியலும் ஆவியும்: கொலையுதிர் காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் தமிழில் துப்பறியும் நாவலுக்குப் பெருவாசகரை ஈட்டித் தந்தனர். மேலைக் கதைகளின் தழுவல் அவற்றில் மிகுதி. அவ்வகைக்குத் தன் காலத்து நகரப் பேச்சையும் அறிவியல் கல்வியையும் கொண்டுவந்தவர் சுஜாதா. கணேஷ், வசந்த் என்னும் இரு வழக்கறிஞர்களைக் கொண்ட அவருடைய வரிசையில், குமுதத்தில் தொடராக வந்த ‘கொலையுதிர் காலம்’ தனித்து நிற்பதற்குக் காரணம் அதன் முடிவு.

பெருஞ்சொத்துக்கு உரியவளாகும் நிலையிலிருக்கும் லீனா, அவளுடைய சித்தப்பா குமார வியாசன், முன்னொரு காலத்தில் இறந்த அக்குடும்பத்துப் பெண்ணொருத்தியின் ஆவி என்று சொல்லப்படும் தோற்றம், தொடர்ந்து நிகழும் கொலைகள் என அமைந்த கதை இது. கணேஷ் எல்லாவற்றுக்கும் அறிவியல் விளக்கம் தேடுகிறான். வசந்துக்கு அந்த நம்பிக்கை தளர்கிறது. முப்பரிமாணத் தோற்றத்தை ஒளியால் உண்டாக்கும் ஹோலோகிராம் என்னும் விடை முன்வைக்கப்படுகிறது. ஆயினும் அவ்விடைக்குள் அடங்காத ஒரு மிச்சத்தை நாவல் விட்டுவைக்கிறது.

த்ஸ்வெதான் டோடோரோவ் 1966ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில், துப்பறியும் நாவல் இரு கதைகளால் ஆனது என்றார். நடந்து முடிந்த குற்றத்தின் கதை ஒன்று. அதனைக் கண்டறியும் கதை மற்றொன்று. இரண்டாவது கதை முதற்கதையை முழுமையாக மீட்டுத் தருவதே இவ்வகையின் ஒப்பந்தம். ‘கொலையுதிர் காலம்’ அவ்வொப்பந்தத்தை அறிந்தே மீறுகிறது. வாரந்தோறும் காசு கொடுத்து வாங்கிப் படித்தவருக்கு முழுவிடை தராமல் முடிப்பது, துப்பறியும் எழுத்தாளருக்குக் கல்கியைக் காட்டிலும் பெரிய துணிவு. கல்கிக்குத் துணையாக வரலாற்றின் மௌனம் இருந்தது. சுஜாதாவுக்கு அத்துணை இல்லை. ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரு சொல்லால் இந்நாவலைக் கடப்போர், பொழுதுபோக்குக்குரிய விதியையே அது மீறியதைக் காணத் தவறுகிறார்கள்.

அதே வேளையில் வாசகரின் மனநிறைவின்மை வேறோரிடத்தில் பிறக்கிறது. இறந்தோர் இந்நாவலில் யார்? பெயரளவில் நினைவில் நிற்போர் மிகச் சிலரே. ஒவ்வொரு சாவும் கணேஷுக்கும் வசந்துக்கும் இடையிலான விவாதத்தில் இன்னொரு காயாக நகர்கிறது. உரையாடலின் விரைவும் குறும்பும் சுஜாதாவின் வலிமை. அவ்விரைவிலேயே சாவின் கனம் கரைந்தும்விடுகிறது. வசந்தின் நகைச்சுவைக்குப் பெண்கள் எப்போதும் எளிய இலக்கு என்பதும் இன்றைய வாசகரை இடறச்செய்யும். லீனா பார்க்கப்படுகிறாள், ஐயுறப்படுகிறாள், காக்கப்படுகிறாள். அவளுக்கு என்ன தோன்றுகிறது என்பதை நாவல் அரிதாகவே கேட்கிறது. அறிவியலா ஆவியா என்ற கேள்வி திறந்திருக்கிறது. அக்கேள்வி யார் வாழ்க்கையின்மேல் நின்று கேட்கப்படுகிறதோ அவள் மூடியே இருக்கிறாள்.

ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை உடன்வைத்துப் படிப்போருக்கு ஒரு தொடர்பு புலப்படும். எதிர்கால இந்தியாவை ஜீவா என்னும் தலைவன் ஆள்கிறான். பெயர்கள் இரண்டெழுத்தில் அடங்கவேண்டும். பிள்ளைபெற அரசின் இசைவு வேண்டும். முதியோர் வாழ்வுக்கும் எல்லை உண்டு. அந்த ஜீவாவே ஓர் ஒளித்தோற்றம் என்பது பின்னர் வெளிப்படுகிறது. துப்பறியும் நாவலில் கொலைக்குக் கருவியான அதே ஹோலோகிராம் இங்கே ஆட்சிக்குக் கருவியாகிறது. அங்கு அது ஒரு குடும்பச் சொத்துக்கான சூழ்ச்சி. இங்கு ஒரு நாட்டை அடக்கும் பொய். ஒரே பொருள் வகை மாறியதும் எவ்வளவு கனம் கொள்கிறது என்பது வியப்புக்குரியது. நிலாவும், நூல் படிக்கும் இயந்திர நாயான ஜீனோவும் வாசகர் மனத்தில் நிற்பது கணேஷையும் வசந்தையும் விட ஆழமாக என்பதும், அறிவியல் புனைவில்தான் சுஜாதா தம் பாத்திரங்களுக்காகக் கவலைப்பட்டார் என்பதும் இவ்வொப்பீட்டில் தோன்றும் கருத்துகள்.

முதல் பக்கத்திலேயே விடை: வெக்கை

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வெளிவந்தது. கொலை செய்தவன் யார் என்பது தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொல்வித்த நிலக்காரன் வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான். கையை மட்டும் வெட்டுவதே அவன் எண்ணம். வெட்டு அதற்கும் மேலாகிவிடுகிறது. பின்னர் எட்டு நாள் தந்தையும் மகனும் காட்டிலும் ஓடைக்கரையிலும் மறைந்து திரிந்து, இறுதியில் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுகிறார்கள். கதைச்சுருக்கம் இவ்வளவே.

துப்பறியும் கதையின் வழக்கமான ஐயங்கள் யாவும் முதலிலேயே தீர்ந்துவிட்டதால், வாசகரின் கவனம் வேறு பக்கம் திரும்புகிறது. இன்று எங்கே உறங்குவது, உலையில் எதைப் போடுவது, தண்ணீர் எங்கே கிடைக்கும், நாய் குரைத்தால் என்ன செய்வது என்பனவே இந்நாவலின் பதற்றங்கள். கொலைக்குப் பிந்திய நாள்களில் ஒரு சிறுவனுக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, அம்மாவை நினைக்கிறான். அய்யாவுக்கும் மகனுக்கும் இடையே நடக்கும் பேச்சில் அறிவுரை குறைவு. குற்ற உணர்வைப் பற்றிய விசாரணை அதனினும் குறைவு. மகனுக்கு முள் தைக்காமல் வழிகாட்டுவதும் முதல் கவளத்தை அவனுக்கு வைப்பதுமே தந்தையின் தீர்ப்பு. கரிசல் நிலத்தின் பேச்சுமொழி அக்கனிவைச் சற்றும் மிகைப்படாமல் தாங்குகிறது. நான்கு நாவல்களில், கொலையாளியின் உடலை வாசகர் உணரும்படி எழுதப்பட்டது இது ஒன்றே.

காவல் நிலையத்துக்குப் போகாமல் நீதிமன்றத்துக்கே நேரில் போவதென்ற முடிவும் எண்ணிப்பார்க்கத்தக்கது. சட்டத்தை மறுக்கும் கதையாக இதனைக் கொள்வோர் உளர். நாவல் காட்டுவது அதனினும் நுட்பமானது. நடுவில் இருக்கும் லத்தியையும் பணத்தையும் கடந்து சட்டத்தின் வாசலை அடைவது எப்படி என்று அய்யா கணக்கிடுகிறார். உண்மையைக் கண்டறிவது இங்கே யாருக்கும் சிக்கலாக இல்லை. அண்ணன் கொலையுண்டபோதும் யார் செய்தது என்பது ஊருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஆராய்ச்சி தேவைப்படாத குற்றம் ஒன்று, ஆராய்வோர் இல்லாமையால் இரண்டாம் குற்றமாகப் பிறக்கிறது. ‘யார் கொன்றார்’ என்னும் புதிர் ஓரளவு நீதி கிடைக்கக்கூடிய உலகத்தாருக்கே வாய்த்த ஆடம்பரம் என்பது ‘கொலையுதிர் கால’த்தை முடித்துவிட்டு ‘வெக்கை’யைத் திறப்பவருக்கு உறைக்கும்.

சாதியின் பெயரைப் பூமணி எங்கும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இந்நாவலைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய ‘அசுரன்’ (2019) பஞ்சமி நிலத்தையும் செருப்பு அணிந்ததற்கான அவமதிப்பையும் கொண்ட ஒரு முன்கதையைச் சேர்த்து, சொல்லாததைச் சொல்லிற்று. திரையரங்கில் அது தேவையாக இருந்திருக்கலாம். நாவலில் பெயரின்மை ஒரு வலிமை. ஊரில் உள்ளோர் ஒருவருக்கொருவர் சாதிப்பெயர் சொல்லி விளக்கிக்கொள்ளத் தேவையில்லாத இயல்பு அதில் உண்டு. ஆனால் அதே சிக்கனம் வடக்கூரான்மேலும் செலுத்தப்பட்டதால், அவன் ஒரு திசைப்பெயராகவே எஞ்சுகிறான். அவனுக்கு ஒரு முகமோ, வீட்டில் அழுவோரோ ஏறத்தாழ இல்லை. கொன்றவனின் பசியை இவ்வளவு அறிந்த நாவல், கொலையுண்டவனை அறிய மறுப்பது நியாயமா என்ற கேள்வி எழுகிறது. சிறுவனின் பார்வை எட்டும் எல்லை அதுவே என்று விடை கூறலாம். அவ்விடை முழுநிறைவு தருவதாக இல்லை. தாயும் அத்தையும் கதையின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடுவதும் இவ்வாறே.

தீக்காயப் பிரிவின் வாசலில்: செல்லாத பணம்

2018இல் வெளிவந்து, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற இமையத்தின் ‘செல்லாத பணம்’ குடும்ப நாவல் என்றோ சமூக நாவல் என்றோ வகைப்படுத்தப்படும். அதனைக் குற்ற நாவல் என்று எவரும் குறிப்பதில்லை. ஆனால் துப்பறியும் கதைக்குரிய மூலக்கேள்வி நான்கில் இந்நாவலில்தான் மிகக் கொடியதாக எழுகிறது. பொறியியல் படித்த ரேவதி, பெற்றோர் எதிர்ப்பை மீறி, ஆட்டோ ஓட்டும் ரவியை மணக்கிறாள். சில ஆண்டுகளுக்குப் பின் உடலெங்கும் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறாள். தானே தீ வைத்துக்கொண்டாளா, கணவன் வைத்தானா, அடுப்படி விபத்தா?

இக்கேள்வியை விசாரிக்க அங்கே கணேஷ் இல்லை. தந்தை நடேசன் தலைமையாசிரியராக இருந்தவர். கையில் பணம் உள்ளவர். எந்த மருத்துவமனைக்கும் அழைத்துச்செல்ல ஆயத்தமானவர். அந்தப் பணம் செல்லவில்லை. காவல்துறைக்கு வாக்குமூலம் பதிவாகிறது. அதில் உள்ளதும் வீட்டார் நம்புவதும் ஒன்றாக இல்லை. இந்தியச் சட்டம் மரண வாக்குமூலத்துக்குத் தனி மதிப்பு அளிக்கிறது. சாகும் தறுவாயில் இருப்பவர் பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையே அதன் அடிப்படை. சாகும் தறுவாயிலும் ஒரு பெண் யாரைக் காக்கவேண்டும், பிள்ளைகள் யாரிடம் வளரும் என்று கணக்கிட வேண்டியிருந்தால் அந்த நம்பிக்கை என்னாகும் என்று இந்நாவல் வாசகரைக் கேட்கவைக்கிறது. நேராகக் கேட்பதில்லை, தீக்காயப் பிரிவின் வெளியே காத்திருக்கும் பிற குடும்பங்களின் பேச்சினூடே கேட்கவைக்கிறது. அங்கே கிடக்கும் பெண்கள் பலர். அவர்களுக்குச் சொல்லப்படும் காரணங்களோ மிகச் சிலவே.

நாவல் பெரும்பாலும் உரையாடலால் ஆனது. புலம்பல், ஏச்சு, கைப்பேசிப் பேச்சு, மருத்துவரிடம் கெஞ்சல் என்று குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. தாய் அமராவதியின் அரற்றல் மீண்டும் மீண்டும் வருகிறது. இது நீளம் என்று சலித்துக்கொள்ளும் வாசகர் பிழையாகச் சொல்லவில்லை. சில உரையாடல்களில் பாத்திரங்கள் பின்னுக்குப் போய், வாதத்தின் இரு தரப்புகள் முன்னுக்கு வந்துவிடுகின்றன. அவ்விடங்களைக் குறைத்திருந்தால் நாவல் கூர்மை பெற்றிருக்கும். எனினும் மருத்துவமனை வாசலில் ஓர் இரவேனும் காத்திருந்தவர் அறிவார், அங்கே பேசுவதற்கு வேறு எதுவும் இருப்பதில்லை. சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதுதான் அங்கு செய்யக்கூடிய ஒரே செயல். திரும்பத் திரும்ப வரும் அரற்றலின் பெரும்பகுதி இக்காரணத்தால் ஏற்கத்தக்கதே.

ரேவதியின் சகோதரன் மனைவியிடம் ரவி தன் தரப்பைப் பேசும் பகுதியே நாவலின் மிகக் கடினமான பகுதி. அதுவரை வாசகரும் நடேசன் குடும்பத்தோடு சேர்ந்து அவனை வெறுத்தே வந்திருக்கிறார். ஆட்டோக்காரன், பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தவன், குடிகாரன், அடிப்பவன் என்பன அவன்மேல் ஏற்றப்பட்ட அடையாளங்கள். அவற்றுள் சில குற்றங்கள், சில பிறப்பு. இரண்டையும் பிரிக்காமலே குடும்பம் அவனை வெறுத்தது என்பதை அவன் பேச்சு புலப்படுத்துகிறது. அவனைக் குற்றமற்றவன் என்று இமையம் காட்டவில்லை. அவன் சொல்வது எவ்வளவு உண்மை என்று அளக்க வாசகருக்கு எந்தக் கருவியும் தரப்படவில்லை. இங்கும் ஓர் அறையின் விளக்கு அணைந்தே இருக்கிறது. கடம்பூர் மாளிகையின் இருளில் கொல்லக்கூடியோர் பலர் இருந்தனர். ஒவ்வொருவரும் பழியைத் தம்மேல் ஏற்கத் துடித்தனர். ரேவதியின் அடுக்களையில் இருந்தோர் இருவர். ஒருத்தியால் இனிப் பேச இயலாது, மற்றவன் பேசுவதை எவரும் நம்பப்போவதில்லை.

அவன் பேசுவதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பவள், அக்குடும்பத்துக்குத் திருமணத்தின் வழியே வந்து சேர்ந்த ஒரு பெண். இரத்த உறவுடையோர் எவராலும் செய்ய இயலாத ஆராய்ச்சியை அவள் செய்கிறாள். கேள்விகள் கேட்கிறாள்; சினக்கிறாள்; மீண்டும் கேட்கிறாள். பாண்டியன் அவையில் தவறிய கடமை, இருபத்தோராம் நூற்றாண்டின் மருத்துவமனை வளாகத்தில், எந்த அதிகாரமும் இல்லாத ஒருத்தியின் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. அவள் கேட்டறிந்ததைக் காவல்துறையோ நீதிமன்றமோ கேட்கப்போவதில்லை. உள்ளே ரேவதி கிடக்கிறாள். வெளியே பணத்தோடு நடேசன் காத்திருக்கிறார்.